இனிகோ வாய் திறக்கவில்லை

ஜனவரியின் முதல் வெள்ளிக்கிழமை. சவேரியார் கொட்டாய் கிராமத்தில் பனி விலகுவதற்குள் ஜெயராணி வீட்டைக் கூட்டி முடித்து, புருஷன் இனிகோவுக்கு வெந்நீரில் உடம்பு துடைத்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தாள். கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரம் வாசலில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றக்கூட அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை.

இனிகோ புளியமரத்திலிருந்து விழுந்து, வருகிற மாசியோடு ஆறு வருஷம் முடிகிறது. பென்னாகரம் ரோட்டில் ஒரு தோப்பில் புளி உலுக்க ஏறினார், கிளை முறிந்தது. இடுப்புக்குக் கீழே அன்றோடு சரி. போன வாரம் வீட்டுக்கு வந்த நர்ஸ், அவருடைய முதுகுக்குக் கீழே இருந்த படுக்கைப்புண்ணைப் பார்த்து முகம் மாறினாள். "இனி வூட்ல வெச்சு ஆவாதுங்க. தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க" என்று அவள் சொன்னாள். "நான் வரல" என்று இனிகோ சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படியே ஒரு வாரம் போய்விட்டது.

"பொத்தானை மேல வரைக்கும் போடட்டுங்களா? குளிருதே."

"எதையோ போடு."

மாதத்தின் முதல் வெள்ளியில் பங்குச் சாமியார் வீடு வீடாக வந்து நோயாளிகளுக்கு நற்கருணை என்னும் புனித அப்பத்தைக் கொடுப்பது வழக்கம். ஆறு வருஷத்தில் ஒரு வெள்ளிகூட இனிகோ தவறவிட்டதில்லை. அந்த ஒரு நாளுக்காகவே தலை வாரிக்கொள்வார். இன்றைக்கு ஜெயராணி சீப்பை எடுத்தபோது வேண்டாம் என்று கையால் தள்ளிவிட்டார். தூக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

ஏழரை மணிக்கு ஃபாதர் ஆண்டனியின் பைக் வந்து நின்றது. பக்கத்து வீட்டு லூர்துமேரி எரியும் மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பெண்கள். ஜெயராணி ஸ்டூலின் மேல் வெள்ளைத் துணி விரித்தாள். எல்லோரும் முழங்கால் போட்டார்கள்.

ஃபாதர் ஜெபத்தைச் சொல்லி முடித்துச் சிறிய பெட்டியைத் திறந்தார். அப்பத்தை எடுத்துக் கட்டிலின் மேல் குனிந்து, "கிறிஸ்துவின் திருஉடல்" என்றார். ஆமென் என்று சொல்லி வாங்கிக்கொள்வது முறை.

இனிகோ வாய் திறக்கவில்லை.

காதில் விழவில்லையோ என்று ஃபாதர் மறுபடியும் சொன்னார். லூர்துமேரி தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"வேணாங்க ஃபாதர்."

"முழுங்கறதுக்குக் கஷ்டமா இருக்குதுங்களா? சின்னத் துண்டா குடுக்கட்டுமா?"

"முழுங்க முடியுதுங்க. ஆமென்னு சொல்லத்தான் முடியல. இன்னிக்குச் சொன்னா அது பொய்யா போயிடும்."

ஃபாதர் ஆண்டனி குருப்பட்டம் வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாதவர். அப்பத்தை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அப்ப ஆண்டவர்கிட்ட என்னதான் கேக்கணும்னு தோணுதுங்க?"

"சாவு."

மெழுகுவர்த்தி பிடித்திருந்த லூர்துமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். ஃபாதர் இனிகோவின் கையைத் தன் கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "நாளைக்கும் வர்றேங்க. சும்மா உக்காந்துட்டுப் போறேன்" என்று எழுந்தார்.

போகும் முன் ஜெயராணிக்கு நற்கருணை கொடுத்தார். பழக்கத்தில் அவள் ஆமென் சொன்னாள். அப்பம் வறண்ட மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எவ்வளவு முயன்றும் இறங்கவில்லை.

வாசலில் லூர்துமேரி அவளை நிறுத்தினாள்.

"வூடு தேடி வந்த சாமியத் திருப்பி அனுப்பிட்டீங்களே, ராணி. இதுக்கு என்னா வரப் போவுதோ."

"இதுக்கு மேல என்னாங்க அக்கா வரணும்?"

சொல்லிவிட்டு ஜெயராணி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அவள் சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளர். இன்றைக்கு வர முடியாது என்று போனில் சொன்னபோது, ஏன் என்று கேட்டவர்களுக்குக் காய்ச்சல் என்றாள்.

கேழ்வரகுக் கூழைக் கரைத்துக் கட்டிலுக்கு எடுத்து வந்தாள். கரண்டியை உதட்டருகே கொண்டு போனாள். இனிகோ கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கும் வாய் தொறக்க மாட்டீங்களா?"

இனிகோ உதட்டை இறுக்கினார்.

"நாலு பேரு முன்னால என்னை எதுக்குங்க இப்பிடி நிறுத்தனீங்க? இந்த ஆறு வருசத்துல உங்களுக்கு நான் என்னா கொறை வெச்சன்?"

"நீ கொறை வெக்கல. நீ நல்லாத்தான் நிக்கற. மைக்ல சொன்னியே."

ஜெயராணிக்கு முதலில் புரியவில்லை.

"திருவிழா அன்னிக்கு. கோயில்ல பேசனியே. குழாய் ஸ்பீக்கர்ல இங்க வரைக்கும் கேட்டுச்சு."

டிசம்பர் திருவிழாவின்போது, கஷ்டத்தில் இருக்கிற பெண்களுக்கு ஆறுதலாக நாலு வார்த்தை பேசச் சொல்லி அவளை மேடையில் ஏற்றியிருந்தார்கள். அவள் பேசினாள். "ஆண்டவர் தர்ற பெலத்துலதான் நான் தினமும் எந்திரிக்கறன். ஒரு நாளும் அவர் என்னைக் கை விட்டதில்ல" என்றாள். முன் வரிசையில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கூட்டம் முடிந்ததும் யாரோ ஓர் அம்மாள் வந்து அவள் கையைப் பிடித்து முத்தமிட்டாள். வீட்டுக்கு வந்து இனிகோவுக்குச் சோறு ஊட்டியபோது அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"அன்னியிலிருந்து அதேதான் மண்டைல ஓடுது" என்றார் இனிகோ. மூச்சு விட்டு விட்டுப் பேசினார். "ஒரே வூடு. ஒரே சாமி. உனக்கு அவ்ளோ பெலன் குடுக்கறாரு. நானும் கேட்டன், ராவும் பகலும் கேட்டன். எனக்கு ஒரு சொட்டு வரல. அப்ப அவருக்கு நான் வேணாம். வேணாங்கறவர்கிட்ட நான் எதுக்கு வாயத் தொறக்கணும், சொல்லு."

ஜெயராணி கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். வாசல் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அது பொய்ங்க."

"எது?"

"மைக்ல நான் சொன்னது. எல்லாமே பொய்."

அவர் தலையைத் திருப்பினார்.

"ரெண்டு வருசத்துக்கு முன்ன ஐப்பசில அடமழை பேஞ்சுதே, நெனப்பிருக்குதுங்களா? உங்களைத் திருப்பிப் படுக்க வெக்கறப்ப என் கால் வழுக்கி, ரெண்டு பேரும் கீழ விழுந்தோமே. உங்க எடை மொத்தமும் என் மேல. கத்துனன். மழைச் சத்தத்துல யாருக்கும் கேக்கல. ஒரு மணி நேரம் அப்பிடியே கெடந்தோம். அப்ப நான் சாமிகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டன். யாரையாவது இந்தக் கதவைத் தட்டச் சொல்லுங்கன்னு. யாரும் வரல. நானேதான் நகந்து நகந்து வெளிய வந்தன்."

"அதுக்கு?"

"அன்னியோட எனக்கு எல்லாம் போயிடுச்சுங்க. அதுக்கப்பறம் நான் ஜெபமே பண்ணல. சாயங்காலம் ஜெபமாலை சொல்றது வெறும் வாய்தான். அம்பத்துமூணு மணியும் உருட்டறப்ப நாளைக்கு என்னா குழம்பு வெக்கறதுன்னு நெனச்சிட்டு இருப்பன். சில நாள் அதுவும் நெனக்கறதில்ல. உங்களுக்குக் கேக்கணுமேன்னுதான் சத்தமா சொல்லிட்டு வந்தன்."

சொல்லி முடித்ததும், கொஞ்சம் பாரம் குறைந்த மாதிரி இருந்தது அவளுக்கு. அவரும் தன்னைப் போலத்தான், தானும் அவரைப் போலத்தான் என்று தெரிந்தால் அவருக்கும் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாள்.

ஆனால் இனிகோவின் முகம் போன போக்கு அப்படி இல்லை. மரத்திலிருந்து கிளையோடு விழுந்த அன்றைக்குக்கூட அவர் கண்ணில் அப்படி ஒரு பயத்தை அவள் பார்த்ததில்லை.

"அப்ப இத்தன நாளா" என்றார் அவர். "இத்தன நாளா நமக்காக யாருதான் வேண்டிட்டு இருந்தது?"

அவள் கூழ்க் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

"நான் சாமிய நம்பலடி, ராணி. என்னிக்கோ விட்டுட்டன். உன் சத்தத்தத்தான் நம்பனன். ஏழு மணிக்கு நீ ஆரம்பிச்சதும், சரி, நமக்குத்தான் ஒண்ணும் கேக்கல, அவளுக்குக் கேக்குது, அவ பேச்ச அங்க ஒருத்தரு கேக்கறாருன்னு நெனச்சுப்பன். அதப் புடிச்சிட்டுத்தான் கெடந்தன். நீயும் சும்மாத்தான் சொன்னியா?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த நாற்றம் வந்தது. யாரும் எழுந்து போகவில்லை. ஜெயராணி தரையில் உட்கார்ந்து கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. ஆறு வருஷமாக இந்த வீட்டுக்கு ஒரு தூண் இருந்தது என்று அவர் நம்பியிருந்தார். அதையும் அவளே தன் கையால் பிடுங்கிப் போட்டுவிட்டாள். இனி என்ன இருக்கிறது?

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்களோ. கதவு திறக்கிற சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். தோளில் பையோடு ஸ்டெஃபி நின்றுகொண்டிருந்தாள்.

அவர்களுடைய ஒரே மகள். ஓசூரில் போன் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை, அங்கேயே ஹாஸ்டல். ஆறு மாதமாக வீட்டுப் பக்கம் வரவில்லை. கிறிஸ்துமஸுக்குக்கூட, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டாள்.

"என்னாடி, சொல்லாம கொள்ளாம?"

ஸ்டெஃபி பதில் சொல்லாமல் அப்பாவின் பக்கத்தில் வந்தாள். நெற்றியில் கை வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள்.

"அம்மா, நெருப்பா சுடுது. எப்பத்துல இருந்து காய்ச்சல்?"

"காலைல துடைக்கறப்ப சூடாத்தான் இருந்துச்சு. வெந்நீர்ல கை வெச்சிருந்தன், அதனாலன்னு…"

ஸ்டெஃபி போர்வையை விலக்கினாள். அப்பாவை ஒரு பக்கமாகச் சாய்த்துப் புண்ணைப் பார்த்தாள். துணியை மறுபடி மூடியபோது அவள் உதடு வெளுத்திருந்தது. போனை எடுத்து 108-க்கு அழைத்தாள்.

"நான் வரல" என்றார் இனிகோ. "உங்கம்மாவக் கேளு. நான் வரலன்னு நர்ஸ்கிட்டயே சொல்லிட்டன்."

"அப்பா, நான் ஏன் கிறிஸ்துமஸுக்கு வரல தெரியுமா?"

"லீவு இல்லன்ன."

"லீவு இருந்துச்சு. இந்த வூட்டுக்குள்ள வர பயம். இந்த வாசனை. உங்களை இப்பிடிப் பாக்கறது. வந்துட்டுப் போனா பத்து நாளைக்கு எனக்கு சோறு எறங்காது. அதனால பொய் சொன்னன்." அவள் குரல் உயரவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது.

"அப்ப இன்னிக்கு எதுக்கு வந்த?"

"அம்மா போன்ல எப்பவும் அழுவாங்க. நேத்து அழல. 'சரி, வெச்சிடறன்'னு வெச்சிட்டாங்க. அதுதான் பயமா போச்சு. காலைல மொத பஸ் புடிச்சன்."

இனிகோ மகளையே பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். சம்மதித்தாரா, மறுக்கிற தெம்பும் தீர்ந்துவிட்டதா என்று சொல்ல முடியாது.

"தூக்கறவங்கள மெதுவா தூக்கச் சொல்லு" என்றார்.

தர்மபுரி போய்ச் சேர மதியம் இரண்டாகிவிட்டது. ஆம்புலன்ஸ் ஒவ்வொரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் ஜெயராணி புருஷனின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். நாலு மணிக்கு டாக்டர் ஹீனா கட்டிலருகே வந்தார். ஜெயராணியின் வயதுதான் இருக்கும். சுற்றி வளைக்காமல் பேசினார்.

"புண்ணு எலும்பு வரைக்கும் போயிருக்குதுங்கம்மா. கிருமி ரத்தத்துல கலந்துடுச்சு. இன்னிக்கே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போய் கெட்டுப் போன சதையை எடுத்தாகணும். ரெண்டு மணி நேரம் ஆகும். இவர் உடம்பு இருக்கற நிலைமைல அதைத் தாங்குவார்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. எடுக்காம விட்டா, சில நாள்தான்."

ஒரு சம்மதப் படிவத்தை இனிகோவின் நெஞ்சின் மேல் அட்டையோடு வைத்தார். "உங்களுக்கு நல்லா நினைவு இருக்கு. நீங்களே கையெழுத்துப் போடுங்க. பத்து நிமிஷத்துல வர்றேன்."

ஸ்டெஃபி பேனாவை அப்பாவின் விரலுக்கிடையில் வைத்தாள். அவர் எழுதவில்லை.

"ஸ்டெஃபி, கொஞ்சம் வெளிய இரு."

அவள் போனதும் இனிகோ மனைவியை அருகே கூப்பிட்டார்.

"ராணி. நான் பொழைக்கணும்னு ஆசையா உனக்கு? சாமிக்கு என்னா ஆசைன்னு நான் கேக்கல. உனக்கு."

இப்படிக் கேட்டால் சொல்ல வேண்டிய பதில் எல்லா மனைவிகளுக்கும் தெரியும். ஜெயராணிக்கும் தெரியும். அவள் வாயைத் திறந்தாள். அந்தப் பதில் வரவில்லை. ஒரே நாளில் இவ்வளவு உண்மை பேசிய பிறகு, இதில் மட்டும் எப்படிப் பொய் சொல்வது?

"புண்ணைக் கழுவறப்ப, போயிட்டா தேவலன்னு தோணுங்க" என்றாள் மிக மெதுவாக. "உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதின்னு தோணும். அப்பறம் சோறு ஊட்டறப்ப, உப்புப் போதலன்னு மூஞ்சியச் சுளிப்பீங்களே, அப்ப இவர் இல்லாம இந்த வூட்ல நான் என்னா பண்ணுவன்னு இருக்கும். தெனமும் ரெண்டும்தான். இப்ப கேட்டா… தெரியலீங்க. நெசமாவே தெரியல."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எந்தப் பெண்ணாவது புருஷன் முகத்துக்கு நேரே இப்படிச் சொல்லியிருப்பாளா?

இனிகோவின் கை தடவித் தடவி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கை அனலாகக் கொதித்தது.

"எனக்கும் அப்பிடித்தான்டி" என்றார். "ரெண்டும்தான்."

பிறகு, "அட்டையைப் புடி, ஆடுது" என்றார். அவள் பிடித்தாள். கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

ஐந்தரைக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தியேட்டர் கதவு வரை இருவரும் கூடவே நடந்தார்கள். கதவு மூடியது. எதிரே சிமென்ட் பெஞ்சில் தாயும் மகளும் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் காரிமங்கலத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் பொட்டலத்தைப் பிரித்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்களுடைய சிரிப்புச் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்பது போலிருந்தது.

"அம்மா, ஜெபம் பண்ணுங்க" என்றாள் ஸ்டெஃபி. "நான் கோயிலுக்குப் போயே ரொம்ப நாளாச்சு. எனக்கு வராது. நீங்க பண்ணுங்க."

எனக்கும் வராது என்று சொல்ல ஜெயராணி வாயெடுத்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள், சொல்லவில்லை. கையைக் கூப்பினாள். மனப்பாடமாகத் தெரிந்த ஜெபங்கள் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்தன. எல்லாவற்றையும் விலக்கினாள்.

"ஆண்டவரே" என்றாள் கடைசியில். "என்கிட்ட ஒண்ணும் இல்லீங்க. நம்பிக்கையும் இல்லீங்க. நீங்க இருக்கறீங்களான்னுகூடத் தெரியல. இருந்தா, உள்ள இருக்கறவருக்கு இப்ப வேண்டிக்க யாருமே இல்ல. அதான் சொல்ல வந்தன்."

அடுத்து என்ன சொல்வாள் என்று ஸ்டெஃபி காத்திருந்தாள். அடுத்து எதுவும் இல்லை. நெஞ்சில் எந்த இதமும் இறங்கவில்லை. யாரும் தோளைத் தொடவில்லை. டெட்டால் நாற்றம் அப்படியே இருந்தது. அந்த நாலு வார்த்தையும் எங்கேயாவது போய்ச் சேர்ந்ததா, இந்தச் சுவரிலேயே மோதி விழுந்துவிட்டதா, அவளுக்குத் தெரியாது. இரண்டு வருஷத்தில் அவள் பொய் கலக்காமல் சொன்ன ஜெபம் அது ஒன்றுதான்.

இரண்டு மணி நேரம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருபது நிமிஷத்தில் கதவு திறந்தது.

பச்சை உடுப்போடு டாக்டர் ஹீனா வாசலில் நின்றார். முகமூடியை இன்னும் கழற்றவில்லை. அவருடைய கண்கள் பெஞ்சுகளில் யாரையோ தேடின.

"இனிகோ கூட வந்தவங்க யாருங்க?"

ஸ்டெஃபி அம்மாவின் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஜெயராணி, இனி தன்னால் எழுந்து நிற்க முடியாது என்று நிச்சயமாக நினைத்தாள்.

எழுந்து நின்றாள்.

"நான்தாங்க" என்றபடி கதவை நோக்கி நடந்தாள்.